நூற்புழு வேருக்குள் நுழைவது எங்ஙனம்?

சென்னிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் மஞ்சள் பயிரிடும் குடியானவர் ஒருவரை அணுகி, "உங்கள் பயிருக்குப் பகை யாது?" என்று வினவினால், கிழங்கழுகல் என்பார், இலைப்புள்ளி என்பார், ஈரோட்டுச் சந்தையின் விலை வீழ்ச்சி என்றும் சொல்வார். நூற்புழு என்று சொல்பவர் சிலரே. கண்ணுக்குத் தெரியாத பகையை எவர்தாம் எண்ணிப் பார்ப்பர்? வயலில் ஆங்காங்கே திட்டுத் திட்டாகப் பயிர் வெளிறும், இலையின் ஓரம் காயும், தூர் குறையும், நிலத்தில் ஈரம் இருக்கும்போதே உச்சி வேளையில் இலைகள் துவண்டு நிற்கும். உரம் போதவில்லை என்று கருதி உரம் இடுவர். தண்ணீர் போதவில்லை என்று கருதி மடையைத் திறப்பர். ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால் உண்மை விளங்கும். வேர்கள் நேராக ஓடாமல் முடிச்சு முடிச்சாகப் பருத்திருக்கும்.

இம்முடிச்சைத் தட்டைப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றின் வேரில் காணும் முண்டுகளோடு குழப்பிக்கொள்ளலாகாது. அம்முண்டுகள் தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் நுண்ணுயிரின் இருப்பிடங்கள். வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் உருட்டினால் உதிர்ந்துவிடும். நூற்புழுவின் முடிச்சோ வேரே வீங்கியது. உருட்டினால் வேர்தான் அறும்.

நம் நாட்டில் இப்புழுவை முதன்முதல் கண்டு எழுதிய இடமும் தமிழகமே. 1901-ஆம் ஆண்டில் நீலகிரி மாவட்டத்துத் தேவாலாவில் இருந்த தேயிலைத் தோட்டம் ஒன்றில், வேர்முடிச்சு நூற்புழு தேயிலை வேரைத் தாக்கியிருப்பதைச் சென்னை அரசின் தாவரவியல் அறிஞர் பார்பர் அறிவித்தார். பின்னாளில் கோயமுத்தூரில் கரும்பு ஆராய்ச்சிக்கு அடிகோலியவரும் அவரே. அறுபது ஆண்டுகள் கழித்து, 1961-இல், உதகமண்டலத்தின் விஜயநகரம் பண்ணையில், உருளைக்கிழங்கைத் தாக்கும் பொன்னிறக் கூட்டு நூற்புழுவை ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் கண்டறிந்தார். இவ்விரண்டு புழுக்களும் இப்பேச்சில் மீண்டும் வரும். ஆதலின் அவற்றை நினைவில் வைத்துக்கொள்க.

வேர்முடிச்சு நூற்புழுவின் இளம் புழு அரை மில்லிமீட்டர் நீளங்கூட இராது. பருமனோ, தலைமயிரில் ஐந்தில் ஒரு பங்கு எனலாம். அதற்குப் பல் இல்லை, கால் இல்லை, கண்ணும் இல்லை. வாயில் ஊசி போன்ற குத்துறுப்பு ஒன்று உண்டு. உள்ளே துளையுள்ள அவ்வூசியை முன்னும் பின்னும் தள்ளி வேரைக் குத்துகிறது. நெடுங்காலம் அறிஞர்கள் இவ்வூசியைக் கொண்டே அதன் நுழைவை விளக்கிவந்தனர். ஆனால் அது போதிய விளக்கம் அன்று. பயிரின் செல் ஒவ்வொன்றையும் சுற்றிச் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆன சுவர் உள்ளது. நாம் உடுத்தும் பருத்தி நூல் பெரும்பாலும் அப்பொருளே. ஒரு செல்லும் அடுத்த செல்லும் பெக்டின் என்னும் பசையால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. சுவருக்குச் சுவர் ஊசியால் இடித்துக்கொண்டு போவதென்றால், உண்ணாமல் திரியும் அச்சிறு புழுவின் உடற்கொழுப்பு பாதி வழியிலேயே தீர்ந்துவிடும்.

பின் எவ்வாறு நுழைகிறது? சுவரைக் கரைத்துக்கொண்டு நுழைகிறது. இங்கேதான் ஒரு பெரும் புதிர் எழுந்தது. விலங்கினத்திற்குச் செல்லுலோஸைக் கரைக்கும் ஆற்றல் தானாக இல்லை என்பதே அறிவியலாரின் நெடுநாளைய கொள்கை. பசு வைக்கோலைச் செரிப்பது அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களின் உதவியால். அவ்வாறிருக்க, இப்புழு மட்டும் கரைப்பது யாருடைய தயவால்? 1998-இல் விடை கிடைத்தது. ஹாலந்து, அமெரிக்க நாட்டு ஆய்வாளர்கள் கூடி ஆராய்ந்து, பொன்னிறக் கூட்டு நூற்புழுவிலும் சோயாப் பயிரின் கூட்டு நூற்புழுவிலும் செல்லுலோஸைக் கரைக்கும் நொதிக்குரிய மரபணு புழுவின் உடலிலேயே அமைந்திருப்பதைக் காட்டினர். அம்மரபணுவின் சாயலோ பாக்டீரியங்களின் மரபணுவை ஒத்திருந்தது. ஏதோ ஒரு தொல்காலத்தில் மண்ணில் வாழ்ந்த பாக்டீரியத்தின் மரபணு புழுவின் குலத்திற்குள் வந்து குடியேறி, வழிவழியாகத் தங்கிவிட்டது என்று அறிஞர் கொள்கின்றனர். பெற்றோரிடமிருந்து பெற்ற சொத்தன்று. வழியில் கிடைத்த திறவுகோல் எனலாம்.

2008-இல் வேர்முடிச்சு நூற்புழுவின் மரபணுத் தொகுதி முழுவதையும் பிரெஞ்சு அறிஞர் தலைமையில் ஒரு குழுவினர் படித்து முடித்தனர். மரபணுக்கள் ஏறத்தாழ 19,000 என்று கணக்கிட்டனர். மனிதனுடைய தொகையும் இருபதாயிரத்தை ஒட்டியதே. எண்ணிக்கையைக் கொண்டு பெருமை பேச நமக்கு இடமில்லை. அவற்றுள் பயிரின் செல் சுவரைச் சிதைக்கும் நொதிகளுக்குரியவை மட்டும் ஏறத்தாழ அறுபது.

சுவரைக் கரைக்கும் மரபணு புழுவிடம் உள்ளது என்று சொல்வதோடு நுழையும் திறன் விளங்கிவிடுமா என்றால், இல்லை. முட்டைக்குள் சுருண்டு கிடக்கும் புழுவிடத்திலும் அம்மரபணு உண்டு. வேருக்குள் நிலைத்துப் பருத்துவிட்ட தாய்ப்புழுவிடத்திலும் உண்டு. அவை வேரைத் துளைப்பதில்லை. ஆகவே மரபணு இருப்பது வேறு. அது தொழிற்படுவது வேறு. தொழிற்படுவதையே மரபணு வெளிப்பாடு என்கின்றனர்.

இதனை விளக்கச் சென்னிமலைத் தறியைவிடச் சிறந்த உவமை எனக்குத் தோன்றவில்லை. பூ வேலைப்பாடு அமைந்த படுக்கை விரிப்பு நெய்யப்படும் தறியைப் பார்த்திருப்பீர்கள். பாவில் இழைகள் ஆயிரக்கணக்கில் நீண்டு கிடக்கின்றன. அவை யாவும் எப்பொழுதும் தறியில் உள்ளவையே. ஆயினும் ஒவ்வொரு மிதிக்கும் எல்லா இழைகளும் எழுவதில்லை. மேலே பூட்டிய ஜக்கார்டு பெட்டியில் சுழலும் துளையிட்ட அட்டை, எந்த இழைகள் எழ வேண்டும் என்று தெரிவிக்கின்றதோ அவை மட்டும் எழும். நாடா அவற்றின் ஊடே ஓடும். அட்டை மாறினால் பூ மாறும், பாவு மாறுவதில்லை. உயிரின் மரபணுக்களும் பாவு இழைகளைப் போன்றனவே. எந்த நேரத்தில், எந்த உறுப்பில், எவை எழ வேண்டும் என்பதே கேள்வி. எழுகின்ற மரபணுவிலிருந்து தூது ஆர்.என்.ஏ. என்னும் படி ஒன்று எடுக்கப்படுகிறது. அப்படியைப் பார்த்துச் செல் ஒரு புரதத்தைக் கட்டுகிறது. நொதி என்பது அத்தகைய புரதமே. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: தறியில் அட்டையை அடித்துக் கோத்தவர் ஒருவர் உண்டு, புழுவிலோ வெப்பமும் ஈரமும் வேர் கசியவிடும் பொருள்களுமே அட்டையைத் திருப்புகின்றன.

உதகையின் கூட்டு நூற்புழு இதற்கு நல்ல சான்று. அதன் முட்டைகள், இறந்த தாயின் உடலே உறையாகக் காக்க, இருபது ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் உறங்கிக் கிடக்கவல்லவை. உருளைக்கிழங்கின் வேர்க்கசிவு வந்து தொட்டால் முட்டைக்குள் இருக்கும் புழுவில் அதுவரை அடங்கியிருந்த மரபணுக்கள் பல எழுகின்றன. புழு விழித்து முட்டையைப் பிளந்து வெளிவருகிறது. நம் சமவெளியின் வேர்முடிச்சுப் புழு அத்துணைப் பொறுமையுடையது அன்று. சூடும் ஈரமும் கிடைத்தால் அதற்குப் போதும்.

வெளிவந்த இளம் புழுவின் தொண்டைப் பகுதியில் மூன்று சுரப்பிகள் உள்ளன. கீழ்ப்புறத்தில் இரண்டு, மேற்புறத்தில் ஒன்று. நுழைவுக் காலத்தில் முனைந்து வேலை செய்வன கீழ்ச்சுரப்பிகள். சுவரைக் கரைக்கும் மரபணுக்கள் அவற்றில்தான் எழுகின்றன. நொதிகள் ஊசியின் துளை வழியே வெளிப்பட்டுப் பயிர்ச் செல்களுக்கிடையேயுள்ள பசையை இளக்குகின்றன. புழு வேர்நுனிக்குச் சற்றுப் பின்னே நுழைந்து, செல்களுக்கிடையே நெளிந்து, முதலில் நுனியை நோக்கியே செல்கிறது. நேரே நடுத்தண்டுக்குள் புகலாமே எனில், அங்கே அகத்தோல் என்னும் காப்புறை தடுக்கிறது. நுனியில் அவ்வுறை இன்னும் உருவாகவில்லை. ஆதலின் நுனிவரை சென்று, அங்கே திரும்பி, நீரும் உணவும் ஓடும் நடுப்பகுதிக்குள் புகுகிறது. கோட்டையின் மதிலைச் சுற்றிப்போய், கட்டி முடியாத வாயிலைக் கண்டு நுழைவதைப் போன்றது அது.

அங்கே ஓரிடத்தில் அமர்ந்ததும் அட்டை மாறுகிறது. கீழ்ச்சுரப்பிகள் சுருங்குகின்றன, சுவரைக் கரைக்கும் மரபணுக்கள் அடங்குகின்றன. மேற்சுரப்பி பெருக்கிறது, வேறு புரதங்கள் சுரக்கின்றன. புழுவின் உடல் தசைகள் தளர்ந்து, இனி நகர இயலாததாகிறது. கூட்டு நூற்புழுவிலோ ஒரு விந்தை உண்டு. பெண் புழு நிலைத்துவிடும். ஆண் புழு மட்டும் வளர்ந்தபின் பெண்ணைத் தேடி வேரை விட்டு வெளியேற வேண்டும். அப்பொழுது ஆணின் உடலில், அடங்கியிருந்த சுவர்கரைப்பு மரபணு மீண்டும் எழுகிறது! வேண்டும்போது மட்டுமே எழும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

புழு தன் மரபணுக்களை மட்டும் ஆள்வதில்லை. பயிரின் மரபணுக்களையும் ஆளத் தொடங்குகிறது. தான் அமர்ந்த இடத்தைச் சூழ்ந்த ஐந்தாறு செல்களைத் தேர்ந்து, தன் சுரப்பால் அவற்றை மாற்றுகிறது. அச்செல்களின் உட்கரு மேலும் மேலும் பிரிகிறது. ஆனால் செல் பிரிவதில்லை. முடிவில் ஒரே செல்லில் நூறு வரை உட்கருக்கள். அதன் பருமனோ பல நூறு மடங்கு. இவ்வரக்கச் செல்களே புழுவின் ஒரே உணவுக்கலம். 1994-இல் அமெரிக்காவில் புகையிலை வேரை ஆய்ந்தவர்கள், செல்லுக்குள் நீரைக் கடத்தும் வாயில் ஒன்றை அமைக்கும் புகையிலை மரபணு, இவ்வரக்கச் செல்களில் ஓயாமல் எழுந்தவண்ணம் இருப்பதைக் கண்டனர். பயிர் தன் நீரைத் தன் பகைக்கு மடை திறந்து விடுகிறது. நடுப்பகல் வாட்டத்தின் காரணம் ஓரளவு இங்கே விளங்குகிறதல்லவா?

மரபணு எழுவதும் புழு நுழைவதும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன என்பதால் ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது. சேவல் கூவுவதும் பொழுது விடிவதும் ஒரே வேளைதான். எழுகின்ற மரபணுவை அடக்கிப் பார்க்க வேண்டும். அப்பொழுதும் புழு நுழைந்தால் நம் கொள்கை பொய். அடக்கும் முறையும் 1998-இலேயே கிடைத்தது. ஃபயர், மெல்லோ என்னும் இரு அமெரிக்கர், மண்ணில் தீங்கின்றி வாழும் ஒரு நூற்புழுவினுள், ஒரு மரபணுவுக்கு இணையான இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினர். செல் அதனை அயற்பொருளாகக் கருதித் துண்டாக்கியதோடு, அதனை ஒத்த தன் தூதுப் படிகளையும் அழித்துவிட்டது. மரபணு அப்படியே இருக்க, அதன் குரல் மட்டும் அடங்கிற்று. 2006-இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த 1998-ஆம் ஆண்டிலேயே அதே புழுவின் மரபணுத் தொகுதியும் படித்து முடிக்கப்பட்டது. விலங்குகளுள் அவ்வாறு முழுதும் படிக்கப்பட்டது அதுவே முதல். நூற்புழு ஆராய்ச்சிக்கு அஃதொரு பொன்னாண்டு.

ஆயினும் பயிரைத் தாக்கும் புழுவுக்கு அம்முறையைக் கையாள்வதில் ஓர் இடர் இருந்தது. வேருக்குள் புகுமுன் அப்புழு எதையும் பருகாது. மருந்தை எப்படிப் புகட்டுவது? 2002-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஆய்வாளர்கள், ஆக்டோபமைன் என்னும் பொருளைக் கரைத்த நீரில் புழுக்களை இட்டு, அவற்றைப் பருகச் செய்தனர். மூன்றாண்டுகளில் ஸ்காட்லாந்து, ஹாலந்து நாட்டினர் பொன்னிறக் கூட்டு நூற்புழுவின் செல்லுலோஸ் கரைக்கும் மரபணுவை அடக்கி, அப்புழுக்களை உருளைக்கிழங்கு வேரருகே விட்டுப் பார்த்தனர். வேருக்குள் நுழைந்தவற்றின் எண்ணிக்கை குறைந்தது. காரணம் கையும் களவுமாகப் பிடிபட்டது.

அடுத்த படி, அவ்விரட்டை இழையைப் பயிரே உண்டாக்குமாறு செய்வது. புழு உறிஞ்சும் உணவோடு அதுவும் உள்ளே போகும். 2006-இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று அமெரிக்காவில் கடுகினச் சிறு செடி ஒன்றில் நடந்தது. மற்றொன்று நம்முடையது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து வேலுதம்பியும், கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சார்ந்த சுப்பிரமணியமும், அவர்களுடன் யாதவும் கூடிப் புகையிலைச் செடியில் இதனைச் செய்தனர். வேர்முடிச்சுப் புழுவின் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாத இரு மரபணுக்களுக்கு இணையான இரட்டை இழையை அச்செடி உண்டாக்கிற்று. உண்ட புழுவில் அம்மரபணுக்கள் அடங்கின. செடி தாக்குதலினின்றும் காப்பாற்றப்பட்டது. கொங்கு நாட்டார் நெடுநாள் பயிரிட்டுவரும் புகையிலை, இவ்வாறு உலக ஆராய்ச்சியில் ஓரிடம் பெற்றது. இச்செய்தி நம் கல்லூரிப் பாடங்களில் இன்னும் உரத்துச் சொல்லப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

எனினும் அச்செடி வயலுக்கு வந்துவிடவில்லை. மரபு மாற்றிய பயிர்களில் இந்நாட்டு உழவர் விற்பனைக்காகப் பயிரிட ஒப்புதல் பெற்று விளைவிப்பது, 2002 முதல், பருத்தி ஒன்றே. கத்தரிக்காய் 2010-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. அது சரியா தவறா என்னும் வாதம் இப்பேச்சின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இயற்கையே அளித்த காப்பும் ஒன்று உண்டு. பெரு நாட்டுக் காட்டுத் தக்காளி ஒன்றில் இப்புழுவை எதிர்க்கும் மரபணு இருந்தது. 1944-இல் கலிபோர்னியாவில் ஸ்மித் என்பவர், அதனையும் வீட்டுத் தக்காளியையும் கலந்து, விதைக்குள்ளிருந்த இளங்கருவை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்த்துக் காப்பாற்றினார். இன்று உலகெங்கும் விற்கும் எதிர்ப்புத் தக்காளி இரகங்கள் அக்கலப்பின் வழி வந்தவை. புழு வேருக்குள் நுழைவதை இம்மரபணு தடுப்பதில்லை. நுழைந்து உண்ணத் தொடங்கும்போது, சுற்றியுள்ள செல்கள் தாமே மடிந்து புழுவைப் பட்டினி போடுகின்றன. ஆனால் மண்ணின் வெப்பம் 28 பாகை செல்சியஸுக்கு மேற்பட்டால் இக்காப்பு தளர்ந்துவிடுகிறது. பங்குனி, சித்திரையில் சென்னிமலை வட்டாரத்து மேல்மண் அவ்வெல்லையை எளிதில் தாண்டும். குளிர்நாட்டுப் பூட்டு நம் வெயிலில் இளகிவிடுகிறது என்பதை, விதை விற்பவரின் விளம்பரத்தைப் படிக்கும்போது நினைவிற்கொள்ள வேண்டும். மேலும், தமிழ்நாட்டுக் கொய்யாத் தோப்புகளில் காணப்படுவதாக 2016-இல் அறிவிக்கப்பட்ட மற்றொரு வேர்முடிச்சுப் புழு இனம், இப்பூட்டையே பொருட்படுத்துவதில்லை.

மஞ்சளுக்கு அந்த வழியும் எளிதன்று. தக்காளியைப் போல அதனைக் கலப்புச் செய்ய இயலாது. மஞ்சள் மும்மடி நிறத்திரி உடையது. விதை பிடிப்பது மிக அரிது. கிழங்கை நட்டே வளர்க்கிறோம். விதைக் கிழங்கோடு புழுவும் புதிய வயலுக்குச் செல்கிறது. சூடான மண்ணில் புழுவின் ஒரு தலைமுறைக்கு நான்கு வாரம் போதும். மஞ்சளோ ஒன்பது மாதப் பயிர். ஒரு தாய் இடும் முட்டைகள் முந்நூறு, நானூறு. அதற்கு ஆண் துணையும் வேண்டுவதில்லை. பெருக்கத்தை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். மருந்திட்டு மண்ணையே நஞ்சாக்கும் வழியையும் உலகம் பார்த்தாயிற்று. நெமகான் என்னும் புகைமருந்து ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்தது. அதனைச் செய்யும் ஆலைத் தொழிலாளர் மக்கட்பேற்றை இழந்தது 1977-இல் கலிபோர்னியாவில் வெளிப்பட்டது. நம் நாட்டிலும் அது தடை செய்யப்பட்டது.

பழைய முறைகள் சிலவற்றுக்கு இப்புதிய அறிவு பொருள் தருகிறது. கீழ்பவானிப் பாசனத்தில் ஒரு முறை நெல்லுக்கும் மறு முறை புன்செய்ப் பயிருக்குமாகத் தண்ணீர் மாறி மாறி விடப்படுகிறது. நெல்லுக்குத் தேங்கிய நீரில் மஞ்சளின் புழு பெருகுவதில்லை. முட்டையினின்று வெளிவந்தவை உணவின்றிக் கொழுப்பைச் செலவிட்டு மடிகின்றன. நெல்லைத் தாக்கும் வேர்முடிச்சு இனம் ஒன்று தனியே உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சணப்பையும் செண்டுமல்லியில் பல வகைகளும் வேறுவிதமாக உதவுகின்றன. அவற்றின் வேரையும் புழு தேடிச் சென்று நுழைகிறது. கீழ்ச்சுரப்பியின் மரபணுக்கள் எழுகின்றன, சுவர் கரைகிறது, புழு உள்ளே சென்று அமர்கிறது. ஆனால் அவ்வேரில் அரக்கச் செல்கள் செவ்வனே உருவாவதில்லை. புழுவுக்கோ உணவு இல்லை. சேமித்த கொழுப்பும் வழியிலேயே செலவாகிவிட்டது. தசைகளும் தளர்ந்துவிட்டமையால் வெளியேறவும் இயலாது. மஞ்சள் நடுமுன் சணப்பை விதைத்து மடக்கி உழும் உழவர், தழை உரத்தோடு இப்பயனையும் அடைகின்றார்.